சில கேம்களின் விலை ஏன் இறங்குவதே இல்லை?

கேள்வி இது: "மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் வந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் புது கேம் விலையிலேயே விற்கிறார்கள்? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் குறையுமா?"

குறையாது. அதற்காகப் பொறுத்திருக்க வேண்டாம்.

புதுச்சேரியில் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு தெருவில் என் மாமா வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். புதுசும் விற்போம், பழசும் வாங்கி விற்போம். கல்லூரி நாட்களிலிருந்து நானும் அங்கே கல்லாவில் உட்காருகிறேன். கடலூரிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாக்கள் "ஏம்பா, பழைய கேசட்டுதானே, பாதி விலைக்குப் போட்டுக் குடேன்" என்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. செல்போனும் டிவியும் வருடத்துக்கு வருடம் விலை இறங்குவதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

2017-இல் வந்த இரண்டு கேம்களை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கார் பந்தய கேம் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், செப்டம்பரில் ஃபுட்பால் கேம் ஃபிஃபா 18. அமெரிக்காவில் இரண்டுமே 60 டாலருக்குத்தான் வந்தன. இன்று ஃபிஃபா 18 சிடியை என்ன விலைக்கு வைத்தாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அடுத்த வருடமே ஃபிஃபா 19 வந்துவிட்டது, வீரர்கள் அணி மாறிவிட்டார்கள், ஆன்லைனில் எல்லோரும் புதுசுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்க வேண்டும் என்பதுதான் ஃபிஃபாவை வெளியிடும் நிறுவனத்தின் பிழைப்பு.

மாரியோ கார்ட் கதை நேரெதிர். அதற்கு வாரிசாக மாரியோ கார்ட் வேர்ல்ட் வந்தது 2025 ஜூனில்தான். நடுவில் இருந்த எட்டு வருடமும், நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் கன்சோலை வாங்கிய வீட்டில் முதலில் வாங்கும் கேம் பெரும்பாலும் இதுதான். ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது, இந்த கேம் 6 கோடிக்கு மேல். இத்தனைக்கும் இது அசலில் 2014-இல் வீ யூ என்ற பழைய கன்சோலுக்கு வந்த கேம். அந்தக் கன்சோலை உலகம் முழுக்க வாங்கியவர்களே ஒன்றரைக் கோடிக்குள்தான். அதனால் ஸ்விட்ச் வாங்கிய பெரும்பாலானோருக்கு இது புத்தம்புது கேம். 2022, 2023 வருடங்களில் 48 புதுப் பந்தயத் தடங்களைத் தனியாக விற்று, மொத்தத்தை 96 ஆக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆள் வந்துகொண்டே இருக்கும்போது யார் விலையைக் குறைப்பார்கள்?

ஆனால் இது பாதிக் காரணம்தான். நன்றாக விற்கிற கேம் எல்லாமே விலை இறங்காமல் நிற்பதில்லை. 2015-இல் வந்த தி விட்சர் 3 எவ்வளவு அருமையான கேம்! ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதுவே கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் அடிக்கடி 80 சதவீதம் தள்ளுபடியில் கிடைக்கிறது. தரம் மட்டும் விலையைப் பிடித்து வைக்காது.

மீதிப் பாதியை ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1972-லேயே எழுதிவிட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். கெட்டுப்போகாத பொருளை ஒரே ஒருவர் மட்டும் விற்கிறார் என்றால், அவருக்கு வெளியில் போட்டியாளர் இல்லை. நாளைக்கு அவரே சொல்லப்போகும் விலைதான் போட்டி. நாளைக்குக் குறைப்பார் என்று தெரிந்தால் இன்றைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். யாரும் வாங்காததால் அவர் இன்றைக்கே குறைக்க வேண்டிவரும். ஆடித் தள்ளுபடி வரும் என்று தெரிந்தவர்கள் ஆனி மாதத்தில் பட்டுப்புடவை எடுப்பதில்லையே, அந்தக் கணக்குதான். இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி, "நான் குறைக்கவே மாட்டேன்" என்பதை ஜனங்கள் நம்பும்படி செய்வது. வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வருடக்கணக்கில் குறைக்காமல் இருந்து காட்ட வேண்டும்.

நின்டெண்டோ அதைத்தான் செய்தது. முன்பு அவர்களும் குறைத்தவர்கள்தான். வீ யூவுக்கும் முந்தைய வீ கன்சோல் காலத்தில் நின்டெண்டோ செலக்ட்ஸ் என்ற வரிசையில் நன்றாக விற்ற பழைய கேம்களை 20 டாலருக்குக் கொடுத்தார்கள். ஸ்விட்சுக்கு அப்படி ஒரு வரிசையே வரவில்லை. மாரியோ தினமாகக் கொண்டாடும் மார்ச் 10 போன்ற சமயங்களில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள், அப்புறம் பழைய விலைக்கே போய்விடும். இந்தக் கேம்கள் வேறு எந்தக் கன்சோலிலும் கிடையாது என்பதால் இந்தப் பிடிவாதம் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

பெரிய கம்பெனிகளால்தான் இது முடியும் என்றும் நினைக்க வேண்டாம். ஃபேக்டோரியோ என்று செக் நாட்டிலிருந்து வந்த ஒரு கேம் இருக்கிறது. தொழிற்சாலை கட்டும் கேம். ஆரம்பம் முதல் ஒரு நாள்கூட அதைத் தள்ளுபடியில் விட்டதில்லை. விடுகிற எண்ணமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஸ்டீமில் 20 டாலருக்கு வந்தது, பிறகு 30 ஆனது, 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் சொல்லி 35 ஆக்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. முதல் வாரமே நம்பி வாங்கியவர், ஆறு மாதம் கழித்துப் பாதி விலையைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை.

கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் பழைய பாகங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2012-இல் வந்த பிளாக் ஆப்ஸ் 2 பத்து வருடம் தாண்டியும் ஸ்டீமில் 60 டாலர் என்றே போட்டிருந்தார்கள். அவ்வப்போது தள்ளுபடி வரும், அப்போது "பாதி விலை" என்று காட்ட அந்த 60 உதவுகிறது. தெரியாமல் சாதாரண நாளில் போய் வாங்குபவர்தான் முழு விலையையும் சுமக்கிறார். இது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

சரி, நம்ம ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பதே இல்லை. இங்கே கிடைப்பதெல்லாம் துபாய், சிங்கப்பூர் வழியாக வந்த சரக்கு. புதுச்சேரியில் இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பாரிஸிலிருந்து கொண்டுவருவார்கள். ஸ்விட்சுக்கு ரீஜன் லாக் இல்லை, அதாவது ஒரு நாட்டில் வாங்கிய கேம் இன்னொரு நாட்டுக் கன்சோலிலும் ஓடும். மேலட்டை பிரெஞ்சில் இருந்தாலும் மாரியோ கார்ட்டை ஆங்கிலத்தில் விளையாடலாம்.

கடைக்காரர்களால் விலையைக் குறைக்க முடியாததற்கும் நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்காததுதான் காரணம். பிளேஸ்டேஷன் சிடிக்கு சோனி இந்தியா பண்டிகை நேரத்தில் தள்ளுபடி அறிவித்தால் எங்களைப் போன்ற கடைகளும் குறைக்கலாம். ஸ்விட்ச் கேமில் அப்படிச் செய்ய மேலே யாரும் இல்லை. எடுத்த விலைக்குக் கீழே விற்றால் நஷ்டம் முழுக்கக் கடைக்குத்தான். அதனால்தான் மாரியோ கார்ட் 4,000 ரூபாயை ஒட்டியே நிற்கிறது.

ஆனால் இதில் வாங்குபவருக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புதுசின் விலை இறங்காததால் ஒருவர் விளையாடிய பழசின் விலையும் அவ்வளவாக இறங்காது. 3,000 ரூபாய்க்குப் பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கி, குடும்பமே ஒரு வருடம் விளையாடிவிட்டு, 2,500-க்குத் திரும்பக் கொடுப்பவர்கள் எங்கள் கடைக்கு வருகிறார்கள். ஒரு வருடச் சந்தோஷத்துக்குச் செலவு 500 ரூபாய். அதே 3,000-ஐ அந்த வருட ஃபுட்பால் கேமில் போட்டால் அடுத்த வருடம் கைக்கு எதுவும் வராது. அதனால் வருடா வருடம் புதுசு வரும் கேமுக்குப் பொறுமையாக இருங்கள், விலை தானாக விழும். விலை இறங்காத கேமை டிஜிட்டலாக வாங்காமல் கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள், ஏனென்றால் டிஜிட்டலில் வாங்கியதைத் திரும்ப விற்க முடியாது. டப்பாவோடு பத்திரமாக வையுங்கள். விற்கும்போது டப்பா இருந்தால் நல்ல விலை கிடைக்கும்.

ஃபேக்டோரியோ போன்றவற்றில் இந்த வழி கிடையாது. அதற்கு இலவச டெமோ இருக்கிறது. விளையாடிப் பாருங்கள், பிடித்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

நீங்கள் கேட்ட மாரியோ கார்ட் 8-ஐப் பொறுத்தவரை, பின்னால் ஸ்விட்ச் 2 வாங்கும் எண்ணம் இருந்தாலும் தயங்க வேண்டாம். இதே கார்ட்ரிட்ஜ் அதிலும் ஓடும். புதிய மாரியோ கார்ட் வேர்ல்டின் விலை அமெரிக்காவில் 80 டாலர். அதுவும் சீக்கிரத்தில் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.