கேள்வி – பதில்: படத்தை நெளிக்கும் ஸ்கிரீன்சேவர்

கேள்வி: லினக்ஸில் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற ஸ்கிரீன்சேவர் தொகுப்பைப் போட்டிருக்கிறேன். அதில் படத்தை நெளித்துக் காட்டும் 'டிஸ்டார்ட்' ஓடும்போது என் படங்களுக்குப் பதிலாக வெறும் வண்ணப் பட்டைகள்தான் நெளிகின்றன. ஏன்?

பதில்: டிஸ்டார்ட்டுக்கெனச் சொந்தப் படம் கிடையாது. வெளியிலிருந்து ஒரு படத்தை வாங்கி அதன்மேல் லென்ஸை, அதாவது அடியில் உள்ளதை நெளித்துக் காட்டும் வட்டத்தை, உலவவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் வண்ணப் பட்டைகளை வைத்து ஒப்பேற்றிவிடும். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'சூஸ் ராண்டம் இமேஜ்' என்பதை டிக் செய்து, படங்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் சப்ஃபோல்டர்களையும் அதுவே துழாவிக்கொள்ளும். ஆனால் அகலமோ உயரமோ 255 பிக்சலுக்குக் குறைந்த படங்களைத் தொடாது. தம்ப்நெயில்கள் மட்டுமே உள்ள ஃபோல்டரைக் கொடுத்தால் மறுபடி பட்டைதான். படங்களை இப்போதுதான் போட்டீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கோப்புப் பட்டியலை அது 3 மணி நேரம்வரை சேமித்து வைத்திருக்கும்.

அதே பக்கத்தில் 'கிராப் டெஸ்க்டாப் இமேஜஸ்' என்றும் ஒன்று உண்டு. அதை டிக் செய்தால் உங்கள் திரையே நெளியும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் திரையைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் திறந்து கிடக்கும் மின்னஞ்சலை வழியில் போகிறவர் படித்துவிடலாம். லென்ஸ் இல்லாத இடமெல்லாம் எழுத்து அப்படியே தெரியுமே! அணைத்து வைப்பதே நல்லது.

கேள்வி: டிஸ்டார்ட் ஓடினாலே ஃபேன் இரைகிறது. எதைக் குறைப்பது?

பதில்: முதலில் லென்ஸின் அளவை. நெளிக்கும் கணக்கையெல்லாம் பிராசஸரே போடுகிறது. லென்ஸுக்குள் விழும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனிக் கணக்கு. ஆரம் இரண்டு மடங்கானால் பிக்சல்கள் நான்கு மடங்காகும். லென்ஸ்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் வேலையும் இரண்டு மடங்குதான். ஆகவே பெரிய லென்ஸ் ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மலிவு. அப்புறமும் இரைந்தால் 'ஃப்ரேம் ரேட்'டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் வரையப்படுகிறது என்பதை, கீழே இழுங்கள். வழக்கமான அமைப்பில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 20,000 மைக்ரோ நொடி இடைவெளி, அதாவது நொடிக்கு அதிகபட்சம் 50. அதை 40,000 ஆக்கினால் 25. அசைவில் லேசான தடுமாற்றம் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: ஓஎல்இடி திரையில் ஒரே படம் நெடுநேரம் நின்று நிரந்தரத் தழும்பு (பர்ன்-இன்) விழாமல் இது காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. ஒரே படம் வழக்கமாக 120 நொடி நிற்கிறது, அதிலும் பெரும்பகுதி அசைவதே இல்லை. 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'ஆஃப் ஆஃப்டர்' நேரத்தைக் குறைத்துத் திரையை அணையவிடுங்கள்.