டிரைவர் கையில் போன்: புகார் எடுபட என்ன வேண்டும்?

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து உக்கடத்துக்குத் தினமும் தனியார் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். டிரைவர் ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். இரண்டு முறை படமெடுத்து போலீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. எங்கே, எப்படிப் புகார் கொடுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் டிரைவரும் போனும் இருந்திருக்கும். வண்டி எண் இருந்ததா? தேதி, நேரம், இடம் எழுதியிருந்தீர்களா? வரும் புகார்களில் பாதி இந்த இடத்திலேயே படுத்துவிடும். ஓட்டியவர் யார் என்று நீங்கள் கண்டுபிடித்துத் தர வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, அன்று வண்டியை ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தைப் போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். ஆகவே முகத்தைவிட நம்பர் பிளேட்தான் முக்கியம்.

போட்டோவைவிட 20 நொடி வீடியோ மேல். போட்டோவைக் காட்டினால் "பேருந்து நின்றுகொண்டிருந்தது" என்று ஒரே வரியில் தப்பித்துவிடலாம். முன்வாசலை ஒட்டிய இடப்பக்க சீட்டிலிருந்து எடுத்தால் டிரைவரின் கையும், கண்ணாடிக்கு அப்பால் நகரும் சாலையும் ஒரே ஃப்ரேமுக்குள் வரும். ஸ்பீடோமீட்டரையும் சேர்த்து எடுக்கலாம், அது வேலை செய்யும் பேருந்தாக அமைந்தால். போன் வலது காதில் இருந்தால் இந்தக் கோணத்தில் மறைந்துவிடும். அப்போது டிரைவருக்கு மேலே உள்ள உட்புறக் கண்ணாடியைப் பிடியுங்கள். நிறுத்தாமல் அப்படியே கேமராவைத் திருப்பி, உள்ளே எழுதியிருக்கும் வண்டி எண்ணையும் எடுங்கள். எண் உள்ளே இல்லாவிட்டால், இறங்கியதும் பின்பக்க நம்பர் பிளேட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

எண்ணை அனுப்பும் முன், வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 3-ஐ 8 என்று படித்துவிட்டால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். செயலியில் பேருந்து என்று வருகிறதா, எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று பார்த்தால் போதும். பொள்ளாச்சிக்கு டிஎன் 41, கோவை தெற்குக்கு 37. ஆனால் வண்டி கைமாறி வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்பதால் பிளேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

வீடியோவை வெட்டாதீர்கள், எழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, கோப்புக்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலக் கோப்பு உங்கள் போனிலேயே இருக்கட்டும். விஷயம் கோர்ட்டுக்குப் போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

அடுத்தது எல்லைத் தகராறு. உக்கடம், சுந்தராபுரம் பக்கம் கோவை மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வருகிறது. கிணத்துக்கடவு மாவட்ட எஸ்.பி.யின் கீழ். கிணத்துக்கடவில் நடந்ததை மாநகரப் போலீசுக்கு அனுப்பினால், "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். புகாரின் முதல் வரியிலேயே இடத்தை எழுதுங்கள். மாதிரிக்கு:

"12.3.2025 புதன், காலை 8.47. கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உக்கடம் நோக்கிச் செல்லும்போது, வண்டி எண் (முழுதாக), ஓட்டுநர் இடது கையில் போனைப் பிடித்துச் சுமார் இரண்டு நிமிடம் பேசியபடி ஓட்டினார். 20 நொடி வீடியோ இணைப்பு. என் பெயரை வெளியிட வேண்டாம்."

ஆத்திரம், அறிவுரை, "இதெல்லாம் ஒரு ஆட்சியா" எதுவும் வேண்டாம். படிக்கிற எழுத்தருக்கு முதல் மூன்று வரியில் விஷயம் கிடைக்க வேண்டும்.

போலீசோடு நிறுத்தினால் கிடைப்பது அபராதம் மட்டும்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 10,000. தனியார் பேருந்து நடத்துபவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு டிரிப்பில் வரும் காசு. அதனால் அதே புகாரை ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுங்கள். வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினால் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதோடு, பெர்மிட் நிபந்தனையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 86-வது பிரிவின் கீழ் பெர்மிட்டையே நிறுத்தவும் வழியுண்டு. உரிமையாளர் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். நேரில் கொடுக்க வசதியென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். வீட்டிலிருந்தே என்றால் 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100. அங்கும் மனு எண் கிடைக்கும். எண் இல்லாத புகாரைப் பின்தொடர முடியாது.

எதெல்லாம் எடுபடாது? ஆபத்தாக வண்டி ஓட்டுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் 2019 திருத்தம் சொல்வது 'கையில் பிடித்த' கருவியைத்தான். வழி பார்ப்பதற்காக, கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த 2020-ல் விதியே அனுமதித்துவிட்டது. ஸ்டாண்டில் மாட்டிய போனில் மேப் ஓடுவதைப் படமெடுத்து அனுப்பிப் பயனில்லை. புளூடூத்தில் பேசுவதும் ஆபத்துதான், ஆனால் வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம். கையில் போனோடு ரீல்ஸ் பார்ப்பது, மெசேஜ் தட்டுவது, இதெல்லாம் தெளிவான குற்றம். 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி திரையைப் பார்த்தால், அதற்குள் வண்டி 50 மீட்டர் போயிருக்கும்.

அரசுப் பேருந்தென்றால் வேறு வழி. வண்டி எண்ணில் 'என்' (N) எழுத்து வரிசை இருக்கும். 149-க்கு அழைத்து வண்டி எண், தடம், நேரம் சொன்னால் துறைரீதியாக விசாரிப்பார்கள். பள்ளி வேனுக்கு ஆர்.டி.ஓ.வோடு பள்ளி நிர்வாகத்துக்கும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். வாடகைக் காருக்கு, பயணம் முடியும் முன்பே அதை புக் செய்த செயலியில் புகாரைப் பதிவு செய்வது நல்லது.

வண்டி அலைபாய்கிறது, பயமாக இருக்கிறது என்றால் வீடியோ அப்புறம். கண்டக்டரிடம் சொல்லுங்கள்; அவர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். அவர் அசையாவிட்டால் 112. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பைக்கில் போய்க்கொண்டே பக்கத்து வண்டியைப் படமெடுத்தால் அதே 184 உங்கள் மீதும் பாயும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும்.

முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ டிரைவர் முகத்தோடு பகிரத் தோன்றும். தினமும் அதே பேருந்தில் போகிறவர் நீங்கள். கண்டக்டருக்கு எந்த சீட்டிலிருந்து எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "டிரைவருக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்" என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க இடமுண்டு. "இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள என் மனு இப்போது யாரிடம் உள்ளது, அதன்மீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பின் நகல் தருக" என்று கேளுங்கள்.