சாவி யார் பையில் இருக்கிறது?

கேள்வி: மான்செஸ்டரில் எட்டு வருடமாக இருக்கிறோம். போன ஏப்ரலில் நானும் கணவரும், 11 வயது மகன், 6 வயது மகள், எங்கள் ஸ்பேனியல் நாய் லட்டு, நண்பர் குடும்பத்தில் மூன்று பேர் எனக் கூட்டமாக லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த பகுதியில் உள்ள கேட்பெல்ஸ் மலைக்குப் போனோம். கிளம்பும்போது பளீரென்று வெயில். பாதி வழியில் ஆலங்கட்டி மழை. நான் திரும்பலாம் என்றேன். "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். மகளையும் லட்டுவையும் கூட்டிக்கொண்டு நான் தனியாக இறங்கினேன். கார் சாவி அவர் பையில். ஒன்றேகால் மணி நேரம் மழையில் நின்றோம். அந்தச் சண்டை இன்னும் முழுசாகத் தீரவில்லை. இந்த ஈஸ்டருக்குத் தஞ்சாவூரிலிருந்து என் அப்பா அம்மா வருகிறார்கள். அதே மலைக்கு எல்லோருமாகப் போகலாம் என்கிறார் கணவர். போகலாமா? லட்டுவை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? போன வருடம் யார் செய்தது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். திரும்ப வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையோடும் நாயோடும் ஈரப்பாறையில் நீங்கள் தனியாக இறங்கியது சரியில்லை. உங்களை அப்படி இறங்க விட்டது அதைவிடத் தப்பு. ஒருவருக்குத் திரும்பத் தோன்றினால் எல்லோரும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெரியவர்களாவது உங்களோடு வந்திருக்க வேண்டும், சாவியோடு. இந்தப் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் தாராளமாகக் காட்டுங்கள்.

கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான். இங்கிலாந்தின் மிக உயர்ந்த ஸ்கேஃபெல் பைக்குக்கு (978 மீட்டர்) அது பாதிகூட இல்லை. குழந்தைகள் ஏறும் மலை என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரை நம்பித்தான் பலர் ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாக வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒருமுறை மாட்டியவன்தான், சொல்கிறேன்.

முதலில் அந்த ஆலங்கட்டி. ஏப்ரல் வெயில் தரையைச் சூடாக்கிவிடும். மேலே இருக்கிற காற்று மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும். கீழே சூடான காற்று விறுவிறுவென்று மேலே கிளம்பி மேகமாகத் திரண்டு, இருபது நிமிஷம் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெயில் அடிக்கும். நம் ஊர்ச் சித்திரை மாதக் கோடை மழைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே நனைந்தால் சுகம், இங்கே நனைந்தால் பல் கிட்டும். நீங்கள் போன மலைக்குத் தெற்கே, அதே பாரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிற ஸீத்வெய்ட்தான் இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் ஊர்களிலேயே அதிக மழை பெறுவது. வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

கணக்கைப் பாருங்கள். மலைக்குப் பக்கத்து ஊரான கெஸ்விக்கில் 11 டிகிரி என்று போன் காட்டுகிறது. நூற்றைம்பது மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று வையுங்கள். உச்சியில் எட்டு, எட்டரை. அங்கே மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் (மலை முகட்டில் அது சாதாரணம்) உடம்புக்கு மூன்று டிகிரிபோல உறைக்கும். இதுவும் நனையாத உடம்புக்குச் சொல்கிற கணக்கு. நனைந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. உருவம் சின்னது, சூடு சீக்கிரம் போய்விடும். அதனால் ஊருக்கான வானிலையைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்பாதீர்கள். இங்குள்ள அரசு வானிலை மையமான மெட் ஆஃபீஸ் மலைகளுக்கென்று தனியாக முன்னறிவிப்பு போடுகிறது. எம்டபிள்யூஐஎஸ் என்ற மலை வானிலைச் சேவையும் இருக்கிறது. இரண்டிலும் மழை வருமா என்பதைவிட உச்சியில் காற்று எவ்வளவு, மேகம் எந்த உயரம்வரை இறங்கும் என்பதைப் பாருங்கள். மழையில் நடந்துவிடலாம். காற்றில் சின்னவளால் நிற்கவே முடியாது.

இனி இந்த ஈஸ்டர். எல்லோரும் போகலாம், லட்டுவும் வரலாம். ஆனால் எல்லோரும் உச்சிக்கு வேண்டாம்.

காரைக் கெஸ்விக்கிலேயே விட்டுவிடுங்கள். மலையடிவாரத்தில் ஹாஸ் எண்ட் பக்கம் இடம் கிடைக்காது, ஈஸ்டர் வாரத்தில் கேட்கவே வேண்டாம். ஊரிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிப் படகு ஓடுகிறது. நாயையும் ஏற்றிக்கொள்வார்கள். ஹாஸ் எண்ட் துறையில் எல்லோரும் இறங்குங்கள். உங்கள் அப்பா அம்மாவும், கூட ஒரு பெரியவரும் ஏரிக்கரையோரமாகவே ப்ராண்டெல்ஹோ காட்டுக்குள் நடக்கட்டும். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை லேக் டிஸ்ட்ரிக்டில் முதன்முதலாக வாங்கிய இடம் அதுதான். பொதுமக்களிடம் காசு திரட்டி 1902-இல் வாங்கினார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள். இடத்துக்கு ஒரு கதை இருந்தால் நம் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் தூரம் நடப்பார்கள்.

மற்றவர்கள் மலையேறி, உச்சி தாண்டி முகட்டிலேயே தெற்கே போய், ஹாஸ் கேட் என்ற கணவாயில் இடப்பக்கம் இறங்கினால் மேனஸ்டி. அங்கிருந்து ஏரிக்கரை வழியே வந்தால் ஹை ப்ராண்டெல்ஹோ படகுத்துறை. பெரியவர்களும் அங்கேதான் காத்திருப்பார்கள். ஏறிய வழியிலேயே இறங்காமல் தப்பிக்கவும் இது வசதி. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடம் ஒன்று உண்டு. எத்தனையோ பேர் கால் வைத்து வைத்துக் கல் வழவழவென்று ஆகியிருக்கும். ஏறும்போது விளையாட்டு, மழையில் இறங்கும்போது வினை.

"இடப்பக்கம்" என்றேன், கவனித்தீர்களா? நான் மாட்டியது அங்கேதான். என் மச்சான் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போன நாளில் மூடுபனி இறங்கிவிட்டது. ஹாஸ் கேட்டில் இரண்டு பக்கமும் பாதை இறங்குகிறது. வழி காட்டுகிறவன் என்ற மிதப்பில் நான் வலப்பக்கம் திரும்பினேன். அரை மணி கழித்து மேகத்துக்குக் கீழே வந்தால் ஏரியைக் காணோம்! நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கு, முழுக்க வேறு பக்கம். மலையைச் சுற்றிக் காருக்கு வர, மச்சானின் சின்னப் பையனை மாறி மாறித் தூக்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று முதல் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல் 4 வரைபடத்தைத் தாளிலேயே வைத்திருக்கிறேன். போனில் சார்ஜ் தீரும், ஈர விரலுக்குத் திரை அசையாது.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நான் சொன்ன வழி சுமார் ஆறு கிலோமீட்டர், ஏற்றம் 370 மீட்டர்போல. அவர் கணக்கில் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும். அது சுறுசுறுப்பான ஆளுக்கு. ஆறு வயதும் ஆட்டுக்குட்டிகளும் சேர்ந்தால் நான்கு மணி நேரம் வையுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் அது கோடைபோல ஓடாது.

அப்புறம் சண்டை வராமல் இருக்க. திரும்புகிற முடிவைக் கீழேயே, படகில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மேலே போனபின் எடுத்தால் அது முடிவாக இருக்காது, ரோஷமாகிவிடும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு" என்று ஒருவர் தொடங்குவார், "பத்து நிமிஷம்தான்" என்று இன்னொருவர் முடிப்பார். மலையில் யாரும் பத்து நிமிஷத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்ததை நான் பார்த்ததில்லை. இந்த மலையில் முடிவெடுக்க இயற்கையே ஓர் இடம் வைத்திருக்கிறது. முதல் ஏற்றம் முடிந்ததும் ஸ்கெல்கில் பேங்க் என்று ஒரு மேடு, 338 மீட்டர். அங்கே நின்றால் உச்சி கண்ணுக்கு எதிரே தெரியும். தெரியவில்லையென்றால், அதாவது மேகம் மூடியிருந்தால், திரும்புங்கள். சின்னவள் நடுங்கினாலும் திரும்புங்கள். நேரம் நீங்கள் குறித்ததைத் தாண்டியிருந்தாலும் அப்படியே. இந்த மூன்றையும் உங்கள் நண்பர் முன்னிலையில், காப்பி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு விசில். ஆபத்தென்றால் ஒரு நிமிஷத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. சிக்னல் கிடைத்தால் 999 அடித்து முதலில் போலீஸ், அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், உங்களிடமும் காசு கேட்க மாட்டார்கள்.

லட்டு விஷயம். ஈஸ்டர் என்றால் மலையில் ஆடு குட்டி போடுகிற காலம், அல்லது அதற்கு முந்தின நிறைமாசம். அங்கே மேய்வது ஹெர்ட்விக் என்ற செம்மறியாடுகள். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும், வளர வளரச் சாம்பல் நிறமாகும். வேலியில்லாத அந்த மலையில் எது தன் மேய்ச்சல் இடம் என்பதைக் குட்டி தாயின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொள்கிறது. ஒரு நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் சினையாட்டுக்குக் கரு கலைந்துவிடலாம். திறந்த மலைப்பகுதியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆடுமாடு அருகில் இருந்தால் வருடம் முழுக்கவே. நீண்டு சுருங்குகிற வாரை வீட்டில் வைத்துவிடுங்கள். ஆட்டைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாமல் விவசாயி சுட்டால்கூட 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். "எங்கள் லட்டு அப்படிப்பட்டவன் இல்லை" என்று எல்லோரும்தான் சொல்கிறோம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மாடு உங்களை நோக்கி ஓடி வந்தால் வாரைக் கைவிட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மேல்தான். நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது. உங்கள் அப்பா தஞ்சாவூர்க்காரர், மாட்டைப் பார்த்தால் தட்டிக்கொடுக்கக் கை நீளும். கன்றோடு நிற்கும் மாட்டுப் பக்கம் போகவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வார் பிடிப்பவர் கையில் பிள்ளை இருக்கக் கூடாது. போன வருடம் நீங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள், விழாமல் வந்ததே பெரிய விஷயம். பாறை இடத்தில் ஒருவருக்கு லட்டு மட்டும், ஒருவருக்கு மகள் மட்டும். அவ்வளவு கைகள் இல்லாத நாளில் லட்டு தாத்தா பாட்டியோடு ஏரிக்கரைக்குப் போகட்டும். ஏரியில் குதித்தால் உடனே துவட்டுங்கள், நாய்க்கும் குளிர் பிடிக்கும். வீடு வந்ததும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள், பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் பாருங்கள்.

உடை பற்றி அம்மாவோடு தகராறு வேண்டாம். அவர் ஊரிலிருந்து கொண்டுவரும் மங்கி குல்லாவும் கம்பளி ஷாலும் இந்த மலைக்கு முதல் தரம். நனைந்தாலும் கம்பளி ஓரளவு சூடு தரும், பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் போடுவேன் என்று அடம்பிடிப்பது உங்கள் மகனாகத்தான் இருக்கும். சண்டை போடுவதென்றால் அவனோடு போடுங்கள். எல்லோருக்கும் நல்ல ரெயின்கோட், சின்னவளுக்கு மாற்று உடுப்பு ஒரு செட், பிளாஸ்டிக் பையில் கட்டி. தொப்பியும் கையுறையும் கூடுதலாக ஒரு ஜோடி. ஒன்று எப்படியும் பறக்கும்.

கார் சாவி இந்த முறை உங்கள் கையில். மாற்றுச் சாவி இருந்தால் அது அப்பாவிடம். குறித்த நேரத்துக்கு நீங்கள் துறைக்கு வராவிட்டால் அவர்கள் படகேறிக் கெஸ்விக் போய் ஏதாவது டீக்கடையில் உட்காரட்டும், கரையில் நின்று நடுங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டுங்கள், தயிர்சாதம் வேண்டாம். அந்தக் குளிரில் அது தொண்டையில் இறங்காது. வெங்காயமோ உலர் திராட்சையோ போட்ட எதையும் பிள்ளைகள் லட்டுவுக்கு ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் நாய்க்கு விஷம். ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய மிளகு ரசம். ஸ்கெல்கில் பேங்கில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதல் டம்ளரை உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். மேலேயா கீழேயா என்பதை அவர் அதைக் குடித்து முடித்தபின் கேளுங்கள்.