பழைய வீட்டு பேஸ்மென்ட்: காண்ட்ராக்டரைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: 70 வருடம் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டை ஒரு கூடமும் மகனுக்கு ஒரு படுக்கையறையுமாக மாற்ற ஆசை. மூன்று காண்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் மற்ற இருவரையும்விட மிகவும் குறைத்துச் சொல்கிறார். சுவரின் அடியில் வெள்ளையாகப் பொடி உதிர்கிறதே என்று கேட்டால், "பெயின்ட் அடித்தால் போய்விடும்" என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பதில் ஒன்றுக்காகவே நான் அவரிடம் கொடுக்க மாட்டேன். நீங்கள் பார்ப்பது உப்பு. வெளியே மண்ணில் இருக்கும் ஈரம் சுவருக்குள் புகுந்து, அதிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு உள்பக்கம் வருகிறது. ஈரம் காற்றில் போய்விட, உப்பு மட்டும் தங்குகிறது. மேலே பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்புளித்து உரியும்.

இத்தனை வருடம் அந்தச் சுவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணமே அது திறந்து கிடந்ததுதான். ஓதம் ஏறினாலும் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். அதன் முன்னால் மரச்சட்டம் அடித்து, கண்ணாடிப் பஞ்சு திணித்து, ஜிப்சம் போர்டு வைத்து மூடினால் உலர வழியில்லை. அறையின் காற்றிலுள்ள ஈரமும் குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகும். போர்டுக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. வாடை வந்த பிறகுதான் தெரியவரும். உங்கள் மகன் தூங்கப்போகிற அறை அது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தரையிலும் ஒன்று ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். நல்ல மழைக்குப் பிறகு இதைச் செய்தால்தான் பயன்.

பிறகு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா? ஆறடியாவது தள்ளிக் கொட்டும்படி நீட்டுங்கள். வீட்டை ஒட்டிய மண், முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். பல வீடுகளில் இந்தச் சின்ன வேலைகளிலேயே கசிவு வெகுவாகக் குறையும். செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். பொறுப்பது கஷ்டம்தான், ஆனால் புதுச் சுவரைப் பிரித்துத் திரும்பச் செய்வதைவிட மலிவு.

காண்ட்ராக்டர் வரும்போது அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். தெரிந்தவர் உள்ளே வரும் முன்பே வெளியே மண்ணையும் குழாயையும் பார்ப்பார். தரையும் சுவரும் சேரும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். பெருமழையில் சாக்கடை எதிர்த்து வந்ததுண்டா என்று விசாரிப்பார். டேப் எடுத்துக் கூரை உயரத்தை அளப்பார். உயரம் போதவில்லை, தரையைத் தோண்டிவிடலாம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் நிறுத்துங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுத்தால் வீடே இறங்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அந்த வேலை கூடாது. படுக்கையறைக்குத் தீ விபத்தில் வெளியேறும் ஜன்னல் வேண்டும். அமெரிக்காவின் முன்மாதிரிக் கட்டட விதி பொதுவாக 5.7 சதுர அடித் திறப்பும், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகாமலும் கேட்கிறது. உங்கள் ஊர் விதியைக் கேட்டு, அந்த ஜன்னல் மூன்று கொட்டேஷனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த விலையில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

பழைய குழாய்களைச் சுற்றிய பூச்சிலும் 9 அங்குலத் தரை டைல்களிலும், தூசாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் எதையும் உடைக்க விடாதீர்கள். மண்ணிலிருந்து கசிந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானையும் இப்போதே அளந்துவிடுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் அது ஒன்று. தரை போடும் முன் அதை வெளியேற்றும் குழாய் பதிப்பது சுலபம்.

கட்டட வேலைக்கு அரசு பெர்மிட் தேவையில்லை என்பவரும், உங்கள் பெயரில் எடுக்கச் சொல்பவரும் வேண்டாம். பின்னால் எது நடந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இன்சூரன்ஸ் சான்றை காண்ட்ராக்டர் கையால் வாங்காமல் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்தே கேட்டு வாங்குங்கள். பணத்தைத் தேதிக்குத் தராமல், முடிந்த வேலைக்குத் தாருங்கள். கடைசி 10 சதவீதத்தை அதிகாரியின் இறுதிச் சோதனை முடியும்வரை கையில் வையுங்கள். பழைய வீட்டில் சுவரைத் திறந்தால் ஏதாவது கிளம்பும். கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு என்பதை முன்னாடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தில்லாமல் அது தொடங்கக் கூடாது.

அவர் செய்த வேலையைப் பார்க்கப் போனால், போன மாதம் முடித்ததைப் பார்க்காதீர்கள். புதிதில் எல்லாமே அழகாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் முடித்த பேஸ்மென்ட் ஒன்றைக் கேளுங்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள். கதவைத் திறந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள்.