85,000 ரூபாய்க்கு வயர் மாற்றினால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: தாம்பரம் அருகே செலையூரில் சொந்த வீடு. கட்டி 22 வருடம் ஆகிறது. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மீட்டர் தனித்தனி. போன தடவை எங்களுக்கு 620 யூனிட் ஓடி, மூவாயிரத்துக்கு மேல் கட்டினோம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "வயர் பழசு, கரண்ட் வீணாகிறது. வீடு முழுக்க கனமான வயர் போட்டு, மெயின் பக்கத்தில் ஒரு பவர் சேவரும் மாட்டினால் பில் பாதியாகும்" என்கிறார். எஸ்டிமேட் 85,000 ரூபாய். நகையை வைத்துச் செய்யலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா.

வயரில் கரண்ட் வீணாவது உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி. உங்கள் ஏ.சி ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து படுக்கையறைவரை 15 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று வைத்துக்கொண்டால், போக வர அந்த வயரில் சூடாகிப் போவது 11 வாட் அளவுதான். ஏ.சி எடுப்பதோ 1,500 வாட். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஃபேன், லைட் வயர்களில் இழப்பைக் கணக்குப் போடவே வேண்டாம். கனமான வயர் போட்டால் இந்த 11 வாட் ஏழாகும். அதற்கா 85,000?

இன்சுலேஷன் நொறுங்குகிறது, எர்த் கிடையாது, சுவிட்சைத் தொட்டால் ஜிவ்வென்கிறது என்றால் ரீவயரிங் அவசியம். ஆனால் அது உயிருக்காகச் செய்யும் செலவு, பில்லுக்காக அல்ல. அதற்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிடுங்கள். "எத்தனை மீட்டர் வயர், எந்த அளவு, எந்த கம்பெனி" என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்து அந்த பவர் சேவர். இதைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. பொருட்காட்சியில் ஒன்று வாங்கி ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், பச்சை நிறத்தில் எரிய ஒரு எல்.இ.டி. அவ்வளவுதான். மோட்டார் உள்ள சாமான்கள் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொண்டு உடனே திருப்பியும் கொடுக்கும், பக்கத்து வீட்டில் முறம் வாங்கிப் புடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுபோல. கெப்பாசிட்டர் செய்வதெல்லாம் அந்த முறத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. ஆனால் வீட்டு மீட்டர் முறத்துக்குக் காசு கேட்பதே இல்லை, தீர்ந்துபோன அரிசிக்குத்தான் கேட்கிறது. அதனால் உங்கள் பில் ஒரு பைசாகூடக் குறையாது. விற்பவர் ஆம்பியர் மீட்டரை மாட்டி, "பாருங்க, முள் இறங்குது" என்று காட்டுவார். முள் இறங்கும். யூனிட் இறங்காது. மேடையில் எலுமிச்சம்பழத்திலிருந்து ரத்தம் வரவைக்கும் அதே வித்தை. இதைத் தெருத்தெருவாக விற்க விட்டுவிட்டு, "மின்சாரம் சேமிப்போம்" என்று சுவரில் எழுதிப்போடுகிறார்கள். யாரிடம் சொல்லி அழ?

சரி, உங்கள் பணம் எங்கே போகிறது? 500 என்ற கோட்டில். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் முடித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோய், அந்த நூறும் 4.70 ஆகிவிடும். ஆக, 501ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்! அதற்கு மேல் 8.40, அப்புறம் 9.45. உங்கள் 620 யூனிட்டுக்கு 3,069 ரூபாய் வருகிறது. அதாவது முதல் 500க்கு 1,805, கடைசி 120க்கு மட்டும் 1,264. அந்த 120ஐ வெட்டினால் போதும், வீட்டையே புரட்டிப்போட வேண்டியதில்லை.

முதலில் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும், கரண்டைக் குறைவாகத் தின்னும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட். ஹாலிலும் படுக்கையறையிலும் நாளுக்கு 14 மணி நேரம் சுற்றுகிற இரண்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மாதத்தில் 75 யூனிட் மிச்சம். ஆள் போகாத அறையில் தூங்கும் ஃபேனைத் தொடாதீர்கள். பி.எல்.டி.சி ஃபேனுக்கு சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் ஆகாது, அதை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபேனின் சர்க்யூட் போய்விடும். கடைக்காரர் வாரன்டி இல்லை என்று கையை விரிப்பார்.

சோக் வைத்த பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் தின்னும். எல்.இ.டி பட்டைக்கு 20 போதும். மூன்றை மாற்றினால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு, 28 யூனிட்டாவது மிஞ்சும். ஏ.சியை 26இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் மீதியும் வந்துவிடும். மொத்தச் செலவு ஏழாயிரம் ரூபாய்க்குள். ஒரு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும்.

ஏ.சியையே மாற்றச் சொல்லி எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் வரும். ஓடுகிற ஏ.சியை ஓடவிடுங்கள். என்றைக்காவது மாற்றினால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், ஸ்டிக்கரில் இருக்கும் வருடத்தையும் யூனிட்டையும் படியுங்கள். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காகிவிட்டது. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் யூனிட்டும் வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்குதான்.

இப்போது, வயரிங்கால் பில் ஏறக்கூடிய ஒரே ஒரு சூழ்நிலை. கீழும் மாடியுமாக இரண்டு மீட்டர் உள்ள உங்கள் வீட்டுக்கு இது பொருந்தலாம் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாடி கட்டும்போது வயர்மேன் சோம்பல்பட்டு, மாடியின் ஏதாவது ஒரு லைனுக்கு நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரை, கீழ் வீட்டிலிருந்து இழுத்திருப்பார். மின்னணு மீட்டர்களில் பெரும்பாலானவை ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் இரண்டையும் பார்க்கும். எது அதிகமோ அதை எழுதிக்கொள்ளும். திருட்டைப் பிடிக்க வைத்த ஏற்பாடு அது. விளைவு, மாடியில் ஓடும் அயர்ன் பாக்ஸுக்கு மாடி மீட்டரும் ஓடும், உங்கள் மீட்டரும் ஓடும். ஒரே தோசைக்கு இரண்டு பில். சுவர் ஈரத்தில் கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலும் மீட்டர் இப்படித்தான் ஏறும்.

சோதிப்பது எளிது. உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பிளக்கையும் உருவிவிடுங்கள். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் (imp/kWh) என்று அச்சிட்ட மீட்டரில் ஒரு 9 வாட் பல்பு எரிந்தால்கூட இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் சிமிட்டும், அதனால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். எதுவும் ஓடாதபோதே சிமிட்டினால் உங்கள் பக்கம் கசிவு இருக்கலாம். பிறகு மாடிக்காரர்களை அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லுங்கள். அப்போது உங்கள் மீட்டர் படபடவென்று சிமிட்டினால் நியூட்ரல் கலந்திருக்கிறது. நியூட்ரலைப் பிரிப்பது தேர்ந்த வயர்மேனுக்குப் பெரும்பாலும் ஒருநாள் வேலை. கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. "அது அடிக்கடி டிரிப் ஆகிறது" என்று யாராவது அதைக் கழற்றி நேரடியாக இணைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அது டிரிப் ஆனதே இந்தக் கோளாறைச் சொல்லத்தான்.

"இன்னொரு மீட்டர் வாங்கித் தருகிறேன், இன்னொரு 100 யூனிட் இலவசம்" என்று வரும் புரோக்கரையும் நம்பாதீர்கள். ஒரே குடும்பம் புழங்கும் ஒரே வீட்டில் அது ஆய்வில் மாட்டினால், புரோக்கர் போனை எடுக்கமாட்டார்.

கடைசியாக, கணக்கெடுத்த தேதிகளைப் பாருங்கள். ரீடிங் எடுப்பவர் 60 நாளில் வராமல் 66 நாளில் வந்தால், நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே 500ஐத் தாண்டுவீர்கள். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க.வினர் வாக்குறுதி கொடுத்தார்கள். ஆள் பற்றாக்குறை, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று வருடங்கள் ஓடின. ரீடிங் எடுக்கத் தாமதமானால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதோடு 55ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்துவிடுங்கள். அதற்குள் 460 யூனிட்டைத் தாண்டியிருந்தால், ஆள் வந்து ரீடிங் எடுக்கும்வரை கீசரையும் ஏ.சியையும் தொட வேண்டாம்.