வாடகை வீடு வாங்கக் கம்பெனி தொடங்கலாமா?

இங்கிலாந்தில் முதல் வாடகை வீட்டைக் கம்பெனி பெயரில் வாங்க நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, நான் 40% வரி கட்டுகிறேன். கம்பெனியால் எனக்கு என்ன லாபம்?

மோர்ட்கேஜ் (வீட்டை அடகு வைத்து வாங்கும் கடன்) வட்டிதான் விஷயம் தம்பி. 2020 ஏப்ரல் முதல், சொந்தப் பெயரில் வாடகைக்கு விடுபவர்கள் வட்டியைச் செலவாகக் கழிக்கவே முடியாது. வட்டியில் 20% அளவுக்கு வரி குறையும், அவ்வளவுதான். கம்பெனி முழு வட்டியையும் கழிக்கலாம்.

வருட வாடகை 15,000 பவுண்ட், வட்டி 9,000 என்று வையுங்கள். மற்றச் செலவுகளை விட்டுவிடுவோம். மிஞ்சுவது 6,000. சொந்தப் பெயர் என்றால் முழு வாடகைக்கும் 40% வீதம் 6,000 வரி, அதில் வட்டியின் 20% ஆன 1,800 குறையும்; ஆக 4,200 வரிக்கே போய்விடும். கம்பெனிக்கு 19% வீதம் 1,140தான்.

ஆனால் அந்த மிச்சம் கம்பெனியின் பணம். வீட்டுச் செலவுக்கு டிவிடெண்டாக (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) எடுத்தால், வருடம் 500 பவுண்டுக்கு மேல் இன்னொரு வரி இருக்கிறது. அடுத்த வீட்டுக்குச் சேர்ப்பவருக்குத்தான் கம்பெனி சரி. மாதாமாதம் வாடகையை எடுத்துச் செலவழிக்க வேண்டியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எனக்குச் சொந்த வீடே இல்லை. ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) கூடுமா?

கூடும் அக்கா, நிறையவே. கம்பெனி வாங்கும் முதல் வீட்டுக்கே 5% கூடுதல் உண்டு. 250,000 பவுண்ட் வீட்டுக்கு உங்கள் பெயரில் 2,500, கம்பெனி பெயரில் 15,000. ஆனால் சொந்தப் பெயரில் வாங்கினால், பிறகு குடியிருக்க வீடு வாங்கும்போது முதல் வீடு வாங்குபவருக்கான ஸ்டாம்ப் டியூட்டி சலுகை கிடைக்காது. இதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே சொலிசிட்டரிடம் பேசிவிடுங்கள்.

கடன் கம்பெனிக்குத்தானே, என்னைப் பிடிக்க மாட்டார்களே?

பிடிப்பார்கள். டைரக்டரான உங்கள் சொந்த உத்தரவாதத்தை எழுதி வாங்காமல் பெரும்பாலும் கடன் தரமாட்டார்கள். வட்டியும் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

டெபாசிட் பணத்தை எப்படிப் போடுவது?

டைரக்டர் கம்பெனிக்குக் கொடுத்த கடனாக. தேதி, தொகை போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாடகை சேரச் சேர அந்தக் கடனை வரியில்லாமல் திரும்ப எடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் 60,000 பவுண்டையும் பங்குப் பணமாகப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு எடுக்க முடியாமல் தவித்தார். 100 பவுண்ட் பங்கு போதும்.

இப்போது என் பெயரில் வாங்கி, அப்புறம் கம்பெனிக்கு மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் அதைச் சந்தை விலைக்கு விற்றதாகவே எடுப்பார்கள். விலை ஏறியிருந்தால் நீங்கள் ஆதாய வரி கட்ட வேண்டிவரும், கம்பெனி மறுபடியும் ஸ்டாம்ப் டியூட்டி கட்டும்.