குழந்தை முகம் பெரியவர் முகமாக மாறிவிடுகிறதா?

மூன்று வயதுக் குழந்தையைப் போட்டோ பார்த்துப் பென்சிலால் வரைந்தால் பத்து வயதுபோல் தெரிகிறது, வாங்க வந்த அம்மா "இது என் பிள்ளை மாதிரி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், எனக்கும் இது நடந்திருக்கிறது.

முதலில் கண்ணின் இடத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தலையின் உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் கண் இருக்கும். சிறு குழந்தைக்கு அதைவிடக் கீழே, நெற்றிதான் பெரிது. பழக்கதோஷத்தில் கை நடுவிலேயே கண்ணைப் போட்டுவிடும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது கோடுகள். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை அழுத்தி வரைந்தால் வயது ஏறிவிடும். அங்கே 2எச் என்ற, வெளிறிய கோடு விழும் கடினமான பென்சிலால் லேசான நிழல் மட்டும் போதும். பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கவே கூடாது. ஈறோரத்திலும் வாயின் மூலைகளிலும் கொஞ்சம் நிழல் தந்தால் பல் தானாகத் தெரியும். புருவமும் அப்படித்தான், மை தீட்டியதுபோல் வேண்டாம். கருமையைக் கண்பாவைக்கும் தலைமுடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்து வரைந்த அந்தப் போட்டோவே சரியில்லை என்று நினைக்கிறேன். போனை முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். ஃபிளாஷ் அடித்தால் கன்னத்தின் உருண்டையே காணாமல் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த வேறு இரண்டு மூன்று படங்களை அந்த அம்மாவிடமே கேளுங்கள். முன்பணம் வாங்கும் முன்பே இதைக் கேட்பது நல்லது.